காவல்காரரின் பல்செட்டை வரைந்தவர்

செட்டுக்காரர் பல் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் அவர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு வந்து நின்று, இந்தக் கடவாய்ப் பல்லை மட்டும் கொஞ்சம் பாருங்களேன் என்பார். அவர் வாயைப் பார்ப்பவர் இல்லை. வாய்க்குள் போகிற பொருளைச் செய்பவர். டாக்டர் எடுத்து அனுப்பும் அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார். அச்சின் மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் ரோஸ் நிற ஈறோடு பளபளவென்று ஒரு செட்டைக் கையில் கொடுப்பார். டாக்டர் கிளினிக்குக்குப் பின்பக்கம், ஜன்னல் ஒன்று, மேஜை இரண்டு, பாலிஷ் மோட்டார் ஒன்று உள்ள அறையில் முப்பத்தைந்து வருஷமாக இதே வேலை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அதில் பத்துப் பேருக்குக்கூட அவர் முகம் தெரியாது.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒரு படக்கதையால் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும், அவர் வாயாலேயே நூறு தடவை கேட்டாகிவிட்டது.

அவருடைய தாய்மாமன் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். கப்பலில் வரும் பீங்கான் சாமான் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது வேலை. கோப்பைகளுக்கு நடுவே உடையாமல் இருக்கத் திணித்து வரும் காகிதத்தை மாமா வீட்டுக்கு எடுத்து வருவார், அடுப்பு மூட்ட ஆகுமே என்று. அதெல்லாம் பிரிட்டிஷ் பிள்ளைகள் படித்துத் தள்ளிவிட்ட பழைய வாராந்திர காமிக்ஸ் தாள்கள். ஒன்பது வயதுப் பையன் அவற்றை அடுப்புக்கு விடுவானா? ஒவ்வொரு தாளாக நீவி, ஈரத் துணி போட்டு, அம்மாவின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து அடுக்கினான். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. தேவையும் படவில்லை.

அதில் ஒரு படக்கதை. பூங்காக் காவல்காரர் ஒருவர். துடைப்பம் மாதிரி மீசை, பொத்தான் தெறிக்கும் கோட்டு. நாலு வாண்டுகள் அவரைப் படுத்தாத பாடு படுத்துவார்கள். வாராவாரம் கடைசிக் கட்டத்தில் காவல்காரர் கத்துகிற கத்தலில் அவருடைய பல்செட்டு வாயை விட்டுப் பறக்கும். பறந்து போய் எதையாவது கடிக்கும். ஒரு வாரம் நகரத் தலைவரின் தொப்பி, ஒரு வாரம் ஐஸ்கிரீம் வண்டியின் டயர், பல வாரம் காவல்காரரின் சொந்தப் பின்பக்கம். பையன் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்து, அம்மா முதுகில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பல்லைக் கழற்ற முடியுமா என்று மாமாவிடம் கேட்டான். மாமா தன் மேல்வரிசைப் பல் நான்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். போதுமே. அந்த நிமிஷமே தலையெழுத்து எழுதியாகிவிட்டது.

வளர்ந்து, தொழில் கற்று, கல்யாணமும் ஆன பிறகு பழைய புத்தகக் கடையில் அந்தக் காமிக்ஸின் இதழ் ஒன்று கையில் சிக்கியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கட்டிலுக்கு அடியில் எட்டுப் பெட்டி, அலமாரிக்கு மேல் ஆறு. துணி வைக்க இடமில்லை என்று வீட்டம்மா சொன்னால், துணியை மடித்து வைக்கலாம், இதை மடித்தால் கோடு விழுந்துவிடும் என்று பதில் வரும். வீட்டம்மா ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்ப்பவர். பகல் முழுக்கப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், வீட்டுக்கு வந்தால் கேள்வி மட்டும்தான் கேட்பார்.

இவரைப் போலவே இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகத்தில் நானூறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம், மூன்று மாதத்துக்கு ஒரு பத்திரிகை. நடத்துபவர் முன்னாள் கப்பல் சமையல்காரர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள், அவரும் மறுத்ததில்லை. சங்கத்தின் தீராத தலைவலி ஒன்றுதான். எதை யார் வரைந்தது? அந்தக் காலத்தில் வரைந்தவர் பெயரை வாராந்திரத்தில் போட மாட்டார்கள். ஆசைப்பட்டு ஓரத்தில் கையெழுத்து வைத்தாலும், ஆபீசில் வெள்ளை மையால் அழித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார்கள். ஆகவே சங்கத்துக்காரர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, இந்தப் பூட்ஸ் அவர் பூட்ஸ், இந்த மேகம் இவர் மேகம் என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள்.

செட்டுக்காரர் பல்லைப் பார்த்தார். வேறு எதைப் பார்ப்பார் பாவம்! ஓவியர் ஒவ்வொருவருக்கும் பல் வரைய ஒரு கை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஒருவர் பல்லை வேலிக்கட்டைபோல நடுவார், அவருக்கு வேலிக்காரர் என்று பெயர் வைத்தார். ஒருவர் கறுப்பும் வெளுப்புமாக நிரப்புவார், அவர் பியானோக்காரர். பல்லே எண்ணாமல் ஒரே வெள்ளைப் பட்டையாக இழுத்துவிட்டுப் போகிறவர் சோம்பேறி. இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்து இரண்டாயிரத்து முந்நூறு கதைகளுக்குப் பட்டியல் போட்டார். சங்கத்தில் அவர் வாக்கு தெய்வவாக்கு. யாருக்காவது சந்தேகம் வந்தால், செட்டுக்காரரைக் கேளுங்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் பூங்காக் காவல்காரரைப் பற்றிப் பதினோரு பக்கக் கட்டுரை எழுதினார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வாரம் வந்த கதை. முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை வேலிக்காரர் ஒருவரே வரைந்தது என்று பல் பல்லாக எண்ணி நிரூபித்தார். வேலிக்காரர் ஏற்கெனவே பேர் பெற்றவர், காலமாகி ஐம்பது வருஷம் ஆகிறது. சங்கம் கட்டுரையை அப்படியே ஏற்றுக்கொண்டது. கேப்டன் எல்லா வாரங்களையும் தொகுத்துக் கெட்டி அட்டை போட்டு நானூறு பிரதி அச்சிட்டார். அட்டையில் வேலிக்காரரின் சொந்தப் பெயர் கட்டை விரல் தடிமனில். உள்ளே முன்னுரையில் செட்டுக்காரருக்கு நன்றி, பக்கத்தில் அவர் போட்டோ. அந்த வாரம் வந்த நோயாளி ஒவ்வொருவருக்கும் டாக்டரே எழுந்துபோய் அதைக் காட்டினார்.

ஆறாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கையெல்லாம் மெழுகாக இருந்தபோது, கடல் தாண்டி ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. தன் அப்பாவுக்குத் தொண்ணூற்றொரு வயது என்றும், முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். காவல்காரர் கதையைப் பாதியிலிருந்து வரைந்தது அவர்தான். வேலிக்காரர் படுத்த படுக்கையானபோது ஆபீஸ் இவரை அழைத்து, ஆள் மாறியது ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியக்கூடாது என்று சொல்லி வேலையைக் கொடுத்தது. நூற்று இருபத்தாறாவது வாரத்திலிருந்து முடியும்வரை எண்பத்தேழு வாரம். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் பார்த்ததும் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. வாங்கிக்கொண்டு போய் அப்பா மடியில் வைத்திருக்கிறார். பெரியவருக்குச் சின்ன எழுத்து தெரியாது, படம் தெரியும். தன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்துப் படுக்கைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்திருக்கிறார். அப்புறம் புத்தகத்தை மூடும்போது அட்டையில் இருந்த பெரிய எழுத்தைப் பார்த்தார். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு டீ கேட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. அவருக்கு இதயம் மிகவும் பலவீனமாக இருக்கிறது, டாக்டர்கள் வாரக்கணக்கில்தான் பேசுகிறார்கள், அதற்குள் எங்கேயாவது அவர் பெயர் அச்சில் வருமா என்று மகள் கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி. அப்பாவுக்கு இருபத்தாறு வயதிலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் மேல்வரிசை முழுக்கப் போய்விட்டது, தன் பல்செட்டையே கழற்றி மேஜையில் வைத்துப் பார்த்துத்தான் வரைவார், நம்பிக்கை இல்லையென்றால் படத்தில் செட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

செட்டுக்காரர் சிரித்துவிட்டார். இப்படி உரிமை கொண்டாடி வரும் கடிதங்கள் சங்கத்துக்குப் புதிதல்ல. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூட மாற்றாமல் புத்தகத்தைப் பிரித்தார். நூற்று இருபத்தைந்தாவது வாரம். செட்டு மல்லாந்து பறக்கிறது, உள்பக்கம் வெறும் கறுப்பு. நூற்று இருபத்தாறு. செட்டு மல்லாந்து பறக்கிறது. உள்பக்கத்தில் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று நெளிவு. நாக்கை மேலே தூக்கித் தடவினால் அண்ணத்தில் தட்டுப்படுமே, அந்த நெளிவு. அடுத்த வாரம் பார்த்தார். அதற்கடுத்த வாரம். எண்பத்தேழு வாரமும் இருந்தது. நகத்தின் அளவுகூட இல்லாத படத்தில், வாயில் மாட்டினால் பொருந்தும் என்கிற கச்சிதத்தில் இருந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு செட்டைக்கூட அவர் வெளியே அனுப்பியதில்லை. முன்பக்கம் பார்ப்பதெல்லாம் கண்ணாடி முன் நிற்கும் நோயாளி செய்கிற வேலை, உள்பக்கம்தான் தொழில் என்று புதிதாக வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர் இவர். இருபத்தைந்து வருஷம் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, நோயாளி பார்க்கிற மாதிரி முன்பக்கத்தையே பார்த்திருக்கிறார்.

உடனே பேனாவை எடுத்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. கடிதத்தைக் கொண்டுபோய் வேலை அறை இழுப்பறையில் பல்லின் நிறம் பார்க்கும் அட்டைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. வேறு யாராவது அந்த நெளிவை வரைந்திருக்கலாமே என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கினார். இதை ஒப்புக்கொண்டால் பட்டியல் மொத்தமும் சந்தி சிரிக்குமே என்று பயந்தார். வெட்கம் வேறு. நாலாவது நாள், ஒரு அம்மாளின் கீழ்ச்செட்டில் கடவாய்ப் பல்லை இடம் மாற்றி நட்டு, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டம்மா முகத்தைப் பார்த்தார். கேள்விகளை ஆரம்பித்தார். ரயில் நிலையத்தில் இருபது வருஷம் கூட்டத்தைச் சமாளித்தவரிடம் யார் மறைக்க முடியும்? கால் மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அந்தம்மாவுக்குப் பதில் போட்டீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"போன வருஷம் டாக்டர் மேடையில ஒரு செட்டைக் காட்டிக் கைதட்டு வாங்கினாரே, அது நீங்க செஞ்சது. எம் பேரை ஒரு வார்த்தை சொல்லலையேன்னு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க. சாப்பாடுகூட இறங்கலை. அந்தப் பெரியவர் அறுபது வருஷமா அப்படித்தானே இருக்காரு?" வீட்டம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். "நீங்க தெரியாமத்தான் செஞ்சீங்க. நான் இல்லேங்கலை. ஆனா செவ்வாக்கிழமையிலேர்ந்து தெரியுமில்ல?"

செட்டுக்காரர் போனை எடுத்துக் கேப்டனைக் கூப்பிட்டார்.

கேப்டன் முதலில் சிரித்தார், பிறகு இருமினார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு நியாயம் பேசினார். புத்தகம் விற்றுத் தீர்ந்துவிட்டது. மறுபதிப்பு என்கிற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த பத்திரிகை வர மூன்று மாதம் ஆகும். இதைச் சொன்னால் உங்கள் பட்டியலைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள், இருபத்தைந்து வருஷ உழைப்பு, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். கடைசியில் இன்னொன்றும் சொன்னார். அந்த மனிதருக்குத் தொண்ணூற்றொன்று ஆகிறது, கொஞ்ச நாள் பொறுத்தால் கேட்க ஆளே இருக்காது.

செட்டுக்காரருக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் குறைவு. அன்றைக்கு வந்தது. "அதனாலதாங்க அவசரம்" என்றார். "புத்தகம் வாங்கின எல்லாரோட விலாசமும் இன்னைக்கே எனக்கு வேணும்."

குரலில் இருந்த ஏதோ ஒன்று கேப்டனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நானூறு விலாசமும் வந்து சேர்ந்தன.

மறுபதிப்பு இல்லையென்றால் என்ன, புத்தகத்தில் ஒட்டும் துண்டுச்சீட்டு போதும் என்று முடிவு செய்தார். பின்பக்கம் பசை தடவிய தாளில் அச்சிட்டு, பிரதி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்புவது, முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே ஒட்டிக்கொள்ளச் சொல்வது. வாசகத்தை எழுத உட்கார்ந்தார். பெயர் ஒரு வரி, வாரக் கணக்கு ஒரு வரி. அதற்குக் கீழே அந்தத் தவறு எவ்வளவு இயல்பானது, எந்த நிபுணரும் செய்யக்கூடியது என்று பன்னிரண்டு வரி. வீட்டம்மா வாங்கிப் படித்தார். இவ்வளவு நீளமாக மன்னிப்புக் கேட்டால் அது வக்கீல் நோட்டீஸ் என்று சொல்லி, பேனாவால் பன்னிரண்டு வரியையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே வரி எழுதச் சொன்னார். "இதைத் தவறாகச் சொன்னவன் நான், நான் உள்பக்கத்தைப் பார்க்கவில்லை." அதை எழுத அவருக்கு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

திங்கட்கிழமை கிளினிக்குக்கு எதிர்ச் சாரியிலுள்ள அச்சுக்கடையில் கொடுத்தார். பெரியவரின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். எவ்வளவு பெரிது என்று கடைக்காரர் கேட்டார். கட்டை விரலைக் காட்டினார். இரண்டு நாள் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உறை ஒட்டினார்கள். முதல் உறை பேருந்து ஓட்டுநர் அம்மாளுக்கு விரைவுத் தபாலில் போனது.

கேப்டன் சொன்னது நடக்காமல் போகவில்லை. பத்தே நாளில் சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் பட்டியலில் இன்னும் ஒன்பது தவறு என்று ஒருவர் எழுதினார், பதினேழு என்று இன்னொருவர். செட்டுக்காரரின் பல்செட்டே பறந்து வந்து அவர் மூக்கைக் கடிப்பதுபோல ஒருவர் படம் வரைந்து எல்லோருக்கும் அனுப்பினார். பட்டியலின் மேல் 'மறு ஆய்வில் உள்ளது' என்று முத்திரை விழுந்தது. சந்தேகம் வந்தால் செட்டுக்காரரைக் கேளுங்கள் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் தினமும் தபால்காரர் வந்துபோன பிறகு அவர் கேட்டுக்கொண்டது வேறு கேள்வி. சீட்டு போய்ச் சேர்ந்திருக்குமா? சேரும்போது அங்கே அவர் இருப்பாரா?

ஒரு சனிக்கிழமை காலை, அவர் சவரம் செய்து பாதி முகம் நுரையோடு நின்றபோது போன் வந்தது. வீட்டம்மா எடுத்து, வெளிநாட்டுக் குரல் என்று நீட்டினார். பேருந்து ஓட்டுநர் அம்மாள் பேசினார். இல்லத்திலிருந்து பேசுகிறேன், அப்பா பக்கத்தில் இருக்கிறார், உங்களிடம் பேச வேண்டும் என்று நேற்றிலிருந்து கேட்கிறார் என்றார். செட்டுக்காரருக்கு ஆங்கிலம் கடிதத்தில் சரளம், போனில் தந்தி அடிக்கும். என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் பெரியவரின் குரல் வந்துவிட்டது. மெல்லிய குரல், மூச்சு நடுவில் நடுவில் அறுந்தது.

"நீங்க பல் செய்றவராமே?"

ஆமாம் என்றார்.

"அப்ப உங்களையே நான் ஏமாத்தியிருக்கேன். அது எனக்குப் பெருமைதான்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "யாருக்கும் தெரியக்கூடாதுன்னாங்க. தெரியாதபடிதான் செஞ்சேன். அதுல வருத்தமே இல்லை. ஆனா பேரு வேணும்னு இருந்துச்சு."

செட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கப் போனார். பெரியவர் அதைக் கேட்கத் தயாராக இல்லை. மகளிடம் சீட்டைப் படிக்கச் சொன்னார். மகள் படிப்பது போனில் தூரத்தில் கேட்டது. பெயர், வாரக் கணக்கு, தவறு சொன்னவன் நான் என்கிற வரி வரை. அதெல்லாம் வேண்டாம், முதல் வரி மட்டும் என்றார் பெரியவர். மகள் பெயரைப் படித்தார். இன்னொரு தடவை என்றார். படித்தார். பிறகு போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"இப்ப நீங்க படிங்க" என்றார் பெரியவர்.

சீட்டு சாப்பாட்டு மேஜையில் இருந்தது. வீட்டம்மா ஓடிப்போய் எடுத்துவந்து கண்ணெதிரே பிடித்தார். செட்டுக்காரர் படித்தார். முழுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாக, மறுமுனையில் காது சரியாகக் கேட்கிறதோ என்னவோ என்று குரலை உயர்த்திப் படித்தார். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பயந்துபோனார்.

"இன்னொரு தடவை" என்றது குரல்.

மறுபடி படித்தார். மூன்றாவது தடவைக்கு வீட்டம்மா சீட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் செட்டுக்காரருக்கும் சீட்டு தேவைப்படவில்லை. பெரியவர் போதும் என்று சொல்லும்வரை, பாதி முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்க, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.